வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள்

மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த அந்த இன்ஜினியரிங் கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்புக் காலோடு யாரும் போக முடியாது. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். சன்னிதிக்குள் நுழைவதுபோல் பயபக்தியோடு உள்ளே போகிற பிள்ளைகள், உட்கார்ந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள், சாட் அடிப்பார்கள், ஏசிக் காற்றில் கொஞ்சம் தூங்கவும் செய்வார்கள். கண்டும் காணாமல் இருக்கிற தெய்வம் ஒன்று அங்கே இருந்தது. அதன் பெயர் சூடாமணி.

சூடாமணிதான் அந்த அறைக்கும், கல்லூரியின் இன்டர்நெட் லைனுக்கும் பொறுப்பு. எம்.சி.ஏ. படித்தவள், முப்பத்து நாலு வயது. வில்லாபுரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் வந்து போவாள். கணவன் ஹரிராமுக்கு விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, படி இறங்கினால் தமிழ். அந்த மொழியைப் பேசத்தான் எல்லாருக்கும் தெரியும். எழுதுவதென்றால் கைக்குக் கிடைத்த எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிள்ளைகள் அதை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். அதட்ட மாட்டாள், காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று பெயர். அந்தப் பெயர் பாதிதான் உண்மை என்பது அவளுக்கும் பிரின்ஸிபாலுக்கும் மட்டுமே தெரியும்.

அது ஆரம்பித்தது நல்ல காரியத்துக்காகத்தான். 2002இல் சுஷ்மா என்கிற இளம் லெக்சரருக்கு யாரோ ஒருவன் பொய்ப் பெயரில் ஆபாச மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கி, வேலையை விட்டுவிடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டாள். சூடாமணி சும்மா இருக்கவில்லை. எந்த மெஷினிலிருந்து யார் என்ன அனுப்பினாலும், என்ன பேசினாலும் ஒரு பிரதி சர்வரில் விழுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரே வாரத்தில் ஆள் அகப்பட்டான். சுஷ்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லூரியே மெச்சியது.

"இத எடுத்துடலாமா சார்?" என்று அப்போது சூடாமணி கேட்டாள்.

பிரின்ஸிபால் கல்யாணராமன் நல்ல மனிதர். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர், எதற்கும் பதறுகிறவர். "எதுக்கு எடுக்கணும்? நாளைக்கு இன்னொருத்தன் கிளம்புவான். இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப பிள்ளைங்களுக்குத் தெரியிற மாதிரி ஒரு நோட்டீஸாவது ஒட்டிருவோம் சார்."

"ஒட்டினா திருடன் உஷார் ஆயிடுவான், சூடாமணி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிந்தது. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிகிற காரியம் எல்லாம் இப்படித்தான், நடுவில் யாரோ ஒருவர் வாதாடாமல் விட்டுவிடுவதால் முடிகிறது. ஆபாச மெயிலைப் பிடிக்கப் போட்ட வலை, அடுத்த வருஷம் யார் படிக்காமல் பொழுதைப் போக்குகிறார்கள் என்று பார்த்தது. அதற்கடுத்த வருஷம் யாருக்கு யார் மேல் காதல் என்று பார்த்தது. பெற்றவர்களிடம் ஜாடையாகச் சொன்னபோது அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். "நல்லாப் பாத்துக்கங்க சார், ஒங்களை நம்பித்தானே அனுப்பியிருக்கோம்" என்றார்கள். பிள்ளைகளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் தேவிகா விஷயம் வந்தது.

தேவிகா மூன்றாம் வருஷம் படித்தாள். அவளும் சௌராஷ்டிரப் பெண்தான். மகால் பக்கம் வீடு, அப்பாவுக்கு நூல் வியாபாரம். லேபில் யாரும் இல்லாத நேரத்தில் "அக்கா" என்று வீட்டு மொழியில் கூப்பிட்டுக்கொண்டு வந்து சூடாமணி பக்கத்தில் உட்காருவாள். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். சூடாமணிக்கு ராஜேஷ்குமார் என்று ஒரே தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, பைனான்ஸ் கம்பெனியில் வேலை. இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று முதலில் நினைத்தவளே சூடாமணிதான். அம்மாவிடம் சொன்னாள். பெரியவர்கள் பேசினார்கள், ஜாதகம் பொருந்தியது, படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

அந்த வாரம் புதன்கிழமை கல்யாணராமன் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் சில தாள்கள் கிடந்தன. நீண்ட நேரம் நடக்கிற அரட்டை எதுவானாலும் அவர் பார்வைக்கு அச்சாகி வரும்.

"இந்தக் கண்றாவி என்ன பாஷைன்னே புரியல. தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. காலம் கெட்டுக் கெடக்கு, ஏதாவது சங்கேத பாஷையா இருக்குமோன்னு கவலையா இருக்கு. அப்புறம் பேரப் பார்த்தேன், உங்க சமூகத்துப் பொண்ணு. உங்க பாஷையோ?"

சூடாமணி தாளை வாங்கினாள். தேவிகாவும், பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா ரம்யாஸ்ரீயும் பேசிக்கொண்டது. வீட்டில் போன் கூடத்தில் இருக்கிறது, அம்மா பக்கத்திலேயே இருப்பாள். வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டர் என்றால் தெரிந்தவர் கண்ணில் படும். அதனால் அந்தப் பெண் உலகத்திலேயே பத்திரமான இடம் என்று இந்த லேபைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

சூடாமணி வாசித்தாள்.

தேவிகாவுக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு வரும். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரை சாப்பிடுகிறாள், இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒருமுறைகூட வரவில்லை. தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா, வாயைத் திறக்காதே என்கிறாள். 'எனக்குப் பொய் சொல்லிக்கொண்டு போக இஷ்டமில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவரோடு தனியாக இரண்டு நிமிஷம் பேசக் கேட்பேன். நானே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவர் வேண்டாம் என்றால் சரி. சூடாமணி அக்கா நல்லவங்க. அவங்க தம்பியும் அப்படித்தான் இருப்பார்' என்று தட்டியிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் பிரின்ஸிபால்.

"ஒண்ணுமில்ல சார். வீட்டு விஷயம். அவங்கம்மாவுக்கு மூட்டு வலியாம். ஞாயித்துக்கெழம விருந்தாளி வாராகளாம், என்ன பலகாரம் பண்றதுன்னு அக்காகிட்ட கேட்டிருக்கா."

"இம்புட்டுத்தானா!" அவருக்கு உயிர் வந்தது. தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டார். "பலகாரத்துக்கு இவ்வளவு நேரமா பேசுவா? கொஞ்சம் கண்டிச்சு வைங்கோ."

வெளியே வந்தபோது சூடாமணிக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தை வேலையைப் பணயம் வைத்துக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை. பஸ் மாட்டுத்தாவணி தாண்டும்வரை அது இருந்தது. தெப்பக்குளம் வந்தபோது பயமாக மாறிவிட்டது. இரண்டு வருஷமாக வரவில்லை, சரி. நாளைக்கு வந்தால்? அடுப்படியில் நிற்கும்போது வந்தால்? பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போது வந்தால்? தம்பி இளகின மனசுக்காரன். அந்தப் பெண் கண் கலங்கிச் சொன்னால் யோசிக்காமல் தலையாட்டிவிடுவான். அப்புறம் காலம் முழுக்க அவன்தானே பட வேண்டும்? வாசிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே கிடையாது. வாசித்த பிறகு வாசிக்காத மாதிரி இருப்பது எப்படி என்று எம்.சி.ஏ.யில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்மா" என்றுதான் ஆரம்பித்தாள். அம்மா விடுவாளா? ஜாதகம் பொருந்தி, பேச்சு முடிந்து, நாள் குறித்தபின் வேண்டாம் என்றால் எதற்கு என்று குடைந்தாள். பெண் சரியில்லையா, எவனோடாவது சுற்றுகிறாளா என்று அவள் வாய் போன போக்கைத் தாங்க முடியாமல், "ஐயோ, அந்தப் புள்ள தங்கம்மா. அவளுக்கு வலிப்பு இருக்கு, அம்புட்டுத்தான்" என்று சூடாமணி கொட்டிவிட்டாள். உடனே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அம்மா பொல்லாதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தாள். ஆனால் அவர்கள் சமூகம் ஒரு கைக்குள் அடங்குகிற சமூகம். எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் உறவு. அங்கே நாள் குறித்த பிறகு காரணம் சொல்லாமல் ஒரு சம்பந்தத்தைக் கைவிட்டால், குறை மாப்பிள்ளையிடம்தான் என்று பேசுவார்கள். அடுத்து எவரும் பெண் கொடுக்க யோசிப்பார்கள். நடுவில் நின்று பேசிய நாத்தனார் வந்து, "எங்க மொகத்துல கரியப் பூசிட்டியே, ஒம் மகனுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டபோது அம்மாவால் தாங்க முடியவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன் என்று காரணத்தைச் சொன்னாள். அந்த நாத்தனார் தனக்கு வேண்டிய ஒருத்திக்கு மட்டும் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து நாளில் வில்லாபுரத்திலும் மகால் பக்கத்திலும் தெரியாத வீடு பாக்கியில்லை.

ராஜேஷ்குமாரும் கேள்விப்பட்டான். அக்காவிடம் வந்து நின்றான்.

"அந்தப் புள்ளைக்கு ஒடம்பு முடியாதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். விடு."

"அவ எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். வேணாம்னும் சொல்லியிருப்பேன். எதுன்னாலும் அத நாங்க ரெண்டு பேருமுல்ல பேசியிருக்கணும்? நீ யாருக்கா நடுவுல?"

தம்பி அவளிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. நல்லது நினைத்துத்தானே செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நல்லது நினைத்துச் செய்ததுதான். ஆனால் திருட்டுத்தனமாகக் கிடைத்ததை வைத்துச் செய்தது. அலுவலகத்தில் பொய் சொல்லிக் காப்பாற்றியதை வீட்டில் உண்மை சொல்லிக் கெடுத்துவிட்டாள்.

தேவிகா சில வாரம் கல்லூரிக்கு வரவில்லை. வந்த அன்று ஆள் பாதியாக இருந்தாள். லேபில் பிராக்டிகல் நேரம். வரிசைக்கு வரிசை பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேவிகா நேராகச் சூடாமணியின் மேஜைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் வீட்டு மொழியில்தான் பேசினாள், தாழ்ந்த குரலில்.

"அக்கா, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒங்க தம்பி நல்லா இருக்கணும்னு நீங்க நெனச்சது தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குச் சொன்னது ரம்யாக்காதானே?"

சூடாமணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஏன் அப்பிடிக் கேக்குற?"

"வேற யாரு? அப்பா, அம்மா, நான், அவ. அம்புட்டுப் பேருக்குத்தான் தெரியும். அப்பாவும் அம்மாவும் செத்தாலும் சொல்ல மாட்டாங்க. ரம்யாக்கா மாமியார் ஒங்கம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அத்தை முறை. அவ மாமியார்கிட்ட ஒளறியிருக்கா, அங்கயிருந்து ஒங்களுக்கு வந்திருக்கு. போன்ல அழுறா, சத்தியம் பண்றா. நான் நம்பல. அப்பாவும் நம்பல."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அவளுக்கு இது ஏழாம் மாசம். சீமந்தம் முடிஞ்சு பிரசவத்துக்கு இங்க வரணும். வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அம்மா அழுதாங்க, கேக்கல. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கூடப் பொறந்தவளே என்னய வித்துட்டாளேன்னு நெனைக்கும்போது..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "நீங்க ஆமான்னு தலைய ஆட்டுனாப் போதும்க்கா. என் மனசு ஒரு பக்கமா நின்னுரும்" என்றாள்.

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். வேலை நிற்கும், மரியாதை நிற்கும், கல்லூரியின் ரகசியமும் நிற்கும். இவள் தன்னை அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். பெங்களூரில் ஒரு கர்ப்பிணிப் பெண் செய்யாத குற்றத்துக்காகத் தாய்வீடு இல்லாமல் பிள்ளை பெறுவாள். சூடாமணி எதிரே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். தன்னை அவள் இன்னமும் நம்புகிறாள் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ரம்யா சொல்லல" என்றாள்.

"காப்பாத்தாதீங்கக்கா."

"காப்பாத்தல. அவ ஒரு வார்த்த சொல்லல. நீ அவளுக்கு எழுதுனத நான் வாசிச்சேன்."

தேவிகாவுக்குப் புரியவில்லை. மெயில் திறந்து கிடந்ததா, பாஸ்வேர்ட் தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். தப்பு தன்னுடையதோ என்று தேடுகிற கேள்விகள். சூடாமணி ஒவ்வொன்றாக இல்லை என்றாள். பிறகு சர்வரைப் பற்றிச் சொன்னாள். இங்கிருந்து போகிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி விழும் என்பதை, பிரின்ஸிபால் அந்தத் தாளைக் கொடுத்ததை, தான் மூட்டுவலி, பலகாரம் என்று மாற்றிச் சொன்னதை, அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னதை. மாற்றிச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கெஞ்சியது. அது அவளுக்கே கேட்டது, வெட்கமாக இருந்தது.

தேவிகா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள்.

"முழுசும் வாசிச்சீங்களா?"

"முழுசும்."

"அப்ப ஞாயித்துக்கெழம நானே அவர்கிட்டச் சொல்றதா இருந்தேன்னு எழுதியிருந்ததையும் வாசிச்சீங்க."

"ஆமா."

"வாசிச்சிட்டும்..."

சூடாமணி மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்கிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்று தோன்றியதால் உள்ளேயே விழுங்கினாள்.

தேவிகா எழுந்தாள். அழுவாள் என்று சூடாமணி நினைத்தாள், அவள் அழவில்லை. "நான் சொல்றதுக்கு எனக்கு ஒரு நாள் வச்சிருந்தேன் மேடம்" என்றாள், தமிழில். பிறகு வரிசைகளின் பக்கம் திரும்பினாள். அதுவரை வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூடச் சத்தமாகப் பதில் சொல்லாத பெண்.

"எல்லாரும் கேளுங்க. நீங்க இங்க எது அடிச்சாலும் ஒரு காப்பி சர்வருக்குப் போகுது. மெயில், சாட், எல்லாம். மேனேஜ்மென்ட் வாசிக்குது. மேடமும் வாசிக்கிறாங்க. என்னோடது வாசிச்சாங்க. இனிமே தெரிஞ்சுக்கிட்டு அடிங்க."

விசைகளின் சத்தம் ஒரு வரிசையில் நின்றது, அடுத்த வரிசையில் நின்றது, பிறகு மொத்தமாக நின்றது. எல்லா முகமும் சூடாமணியைப் பார்த்தது. சிலர் அவசரமாக எதையோ மூடினார்கள். கடைசி வரிசையிலிருந்து கார்த்திகேஷ் என்கிற பையன் எழுந்தான். எந்நேரமும் அவளைக் கேலி பேசிச் சிரிக்க வைக்கிறவன்; இப்போது அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் யாருக்கு என்ன எழுதியிருந்தானோ, அவனுக்குத்தான் தெரியும்.

"மேடம், நெசமா?"

இல்லை என்று சொன்னால் நம்பத் தயாராக இருந்தான். அது அவன் கண்ணில் தெரிந்தது.

"நெசந்தான்ப்பா" என்றாள் சூடாமணி.

அவன் மெதுவாகத் திரையை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் அவள் மேஜைப் பக்கம் வரவில்லை. தேவிகா மட்டும் வராண்டாவில் நின்றுகொண்டு, அந்த வழியாகப் போன ஒருத்தியிடம் செல்போன் கடன் கேட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூர் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தவள், மறுமுனையில் எடுத்ததும் பேச முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த சூடாமணிக்கு அவள் அழுவது தெரிந்தது, பேசுவது கேட்கவில்லை.